வீட்டை அடிவாரத்தில் விட்டுவிட்டு மலையேறு!

நண்பர்களே, 'டிரெய்லர்' என்று சொன்னவுடன் உங்களில் பாதிப் பேருக்கு சினிமா டிரெய்லர்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கு வருவது கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர் பெட்டி. எங்க அப்பா டிராக்டர் டிரைவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டி வந்தது நான்தான் முதல். அதனால் நான் எதைப் படித்தாலும் அது கடைசியில் அப்பாவின் வண்டியில்தான் போய் முடியும். இந்தக் கட்டுரையும் அப்படித்தான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

ஐந்தாம் செமஸ்டரில் செமினாருக்கு எனக்கு வந்த தலைப்பு 'இழுவை வாகனங்களும் பிரேக்கும்'. அதற்காகத் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோது அமெரிக்காவின் தேசியப் பூங்கா ஒன்றைப் பற்றிய விதி கண்ணில் பட்டது. 'வண்டியும் அதன் பின்னால் இழுத்து வரும் டிரெய்லரும் சேர்ந்து 21 அடிக்கு மேல் இருந்தால் இந்த மலைச்சாலையில் அனுமதி இல்லை' என்பதுதான் அந்த விதி. அது என்ன கணக்கு 21 அடி? 20 இல்லை, 25 இல்லை! இந்த ஒரு கேள்வி என்னை இரண்டு வாரம் தூங்கவிடவில்லை என்றால் மிகையாகாது. நான் அந்த மலையைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் விஷயம் நம் பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த டிரெய்லர் எப்படிப்பட்டது என்று பார்ப்போம். அங்கே கரும்பு ஏற்றுவதற்கு இல்லை, குடியிருப்பதற்கு! சக்கரம் வைத்த சின்ன வீடு. கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கும். காரின் பின்னாலோ பிக்கப் வண்டியின் பின்னாலோ கொக்கி போட்டு மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஊர் சுற்றுவார்கள். ஆமை மாதிரி வீட்டைச் சுமந்துகொண்டே பயணம். கார்கள் பெருகிய 1920, 30களிலேயே அங்கே இந்தப் பழக்கம் வந்துவிட்டது. அலுமினியத் தகட்டில் பளபளவென்று ஏரோப்பிளேன் உடம்பு மாதிரி இருக்கும் 'ஏர்ஸ்ட்ரீம்' டிரெய்லரைப் பலர் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதுவும் 1930களில் பிறந்ததுதான்.

இப்போது மலைக்கு வருவோம். அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், கனடா எல்லையை ஒட்டி மொன்டானா மாநிலத்தில் இருப்பது கிளேசியர் தேசியப் பூங்கா. கிளேசியர் என்றால் பனியாறு. ராக்கி மலைத்தொடரின் நடுவே இருக்கும் இந்தப் பூங்கா 1910ல் அமைக்கப்பட்டது. இதன் குறுக்கே மேற்கிலிருந்து கிழக்காக ஒரே ஒரு சாலைதான் மலையைக் கடந்து போகிறது. அதன் பேர் 'கோயிங் டு தி சன் ரோடு'. சூரியனிடம் போகும் சாலை! அங்கே உள்ள ஒரு மலையின் பேரைச் சாலைக்கும் வைத்துவிட்டார்கள். நீளம் சுமார் 80 கிலோமீட்டர். நடுவில் லோகன் கணவாய், உயரம் 6,646 அடி, அதாவது 2,026 மீட்டர்.

இந்தச் சாலை போட்ட கதை சிவில் நண்பர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. முதலில் போட்ட திட்டத்தில் 15 கொண்டை ஊசி வளைவுகள் இருந்தன. ஓடைப் பள்ளத்தாக்கு வழியாகச் சுருட்டிச் சுருட்டி ஏறுவதாகத் திட்டம். தாமஸ் வின்ட் என்ற நிலக்காட்சி வல்லுநர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனை வளைவும் சேர்ந்து மலையின் முகத்தையே கீறிவிடும் என்றார். அதற்குப் பதில் கார்டன் வால் என்ற செங்குத்துப் பாறைச் சுவரின் இடுப்பைக் குடைந்து, ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவோடு நேராக ஏறிவிடலாம் என்று யோசனை சொன்னார். 1924ல் பிராங்க் கிட்ரெட்ஜ் என்ற பொறியாளர் தன் ஆட்களோடு போய் அந்தப் பாதையை அளந்தார். பாறை முகப்பில் கயிற்றில் தொங்கியபடி அளவை வேலை! வேலைக்கு வந்தவர்கள் பலர் தாக்குப்பிடிக்க முடியாமல் பாதியில் கிளம்பிவிட்டார்கள். சர்வே பிராக்டிகலில் வெயில் அடிக்கிறது என்று நாம் மரத்தடிக்கு ஓடுவது அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. சாலை முழுதும் போட்டு முடிந்தது 1932ல். திறப்பு விழா 1933 ஜூலையில். கட்டுமானத்தில் மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

அந்த ஒரே கொண்டை ஊசி வளைவுக்குப் பேரே 'தி லூப்'. சரிவு சுமார் 6 சதவீதம். அதாவது 100 அடி போனால் 6 அடி ஏற்றம். ஒரே சீரான ஏற்றம். எங்கள் பக்கத்துத் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. அதோடு ஒப்பிட்டால், 'ஒரே வளைவுதானே, இதில் டிரெய்லர் போனால் என்ன?' என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது.

விடை வளைவின் எண்ணிக்கையில் இல்லை, சாலையின் அகலத்தில் இருக்கிறது. பாறையைக் குடைந்து போட்ட சாலை என்பதால் அகலம் குறைவு. 1930களின் கார்களுக்குப் போட்டது. ஒரு பக்கம் பாறைச் சுவர், இன்னொரு பக்கம் முழங்கால் உயரக் கல்சுவர், அதைத் தாண்டினால் அதலபாதாளம். பெரிய வளைவு ஒன்றுதான் என்றாலும், மலையின் மடிப்பை ஒட்டிச் சின்னச் சின்னத் திருப்பங்கள் வந்துகொண்டே இருக்கும்.

டிரெய்லர் திரும்பும்போது என்ன நடக்கிறது? நம்ம ஊர்த் தெருமுனையில் கரும்பு டிராக்டர் திரும்புவதைக் கவனித்துப் பாருங்கள். டிராக்டர் அழகாகத் திரும்பிவிடும். பின்னால் வரும் பெட்டி மட்டும் மூலைக்கல்லில் உரசும், திண்ணையை இடிக்கும். ஏன்? முன்னால் போகும் வண்டியின் தடத்தில் பின்னால் வரும் பெட்டி போவதில்லை. அது வளைவின் உள்பக்கமாகச் சுருக்கு வழியில் போகப் பார்க்கும். எவ்வளவு உள்ளே போகும் என்பதைப் பிதாகரஸ் தேற்றத்தை வைத்தே கணக்குப் போடலாம். கொக்கி போகும் வட்டத்தின் ஆரம் 12 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கொக்கியிலிருந்து டிரெய்லர் அச்சு வரை 6 மீட்டர். 12ன் வர்க்கம் 144, 6ன் வர்க்கம் 36, கழித்தால் 108. அதன் வர்க்கமூலம் 10.4 சொச்சம். ஆக, டிரெய்லர் சக்கரம் போகும் வட்டத்தின் ஆரம் 10.4 மீட்டர்தான். வித்தியாசம் 1.6 மீட்டர், ஐந்து அடிக்கும் மேல்!

இந்த ஐந்து அடியை டிரைவர் எங்கேயிருந்து கொண்டுவருவார்? உள்பக்கம் பாறை. பெட்டி பாறையில் உரசக் கூடாது என்றால் காரை வெளிப்பக்கம் தள்ளி ஓட்ட வேண்டும். வெளிப்பக்கம் எதிர்வண்டி வருகிற பாதை. எதிரே வருகிறவர் எங்கே போவார்? அந்தக் கல்சுவர் பக்கம்தான். அதனால்தான் நீளத்துக்கு வரம்பு. ஒரு பிக்கப் வண்டியே 18, 19 அடி வந்துவிடும். அதன் பின்னால் கையளவு டிரெய்லரை மாட்டினாலும் 21 அடியைத் தாண்டிவிடும். வெளிப்படையாக 'டிரெய்லர் வராதே' என்று சொல்லவில்லை, அளவு சொல்லியே நிறுத்திவிட்டார்கள்! அகலமும் பக்கக் கண்ணாடியைச் சேர்த்து 8 அடிக்குள் இருக்க வேண்டும். உயரம் 10 அடிக்கு மேல் இருந்தால் லோகன் கணவாயிலிருந்து மேற்கே லூப் நோக்கி இறங்கும்போது சாலை மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறை இடிக்கலாம் என்றும் எச்சரிக்கிறார்கள். மேற்கே அவலாஞ்சி ஓடை என்ற இடத்தில் தொடங்குகிற இந்தக் கட்டுப்பாடு, கிழக்கே ரைசிங் சன் என்ற இடத்துப் பக்கம் வந்துதான் முடிகிறது. நடுவில் உள்ளதுதான் உச்சிப்பகுதி.

நீளத்தின் கதை இவ்வளவுதான். செமினாரில் இதைப் போர்டில் வரைந்து காட்டினபோது கைதட்டல்கூட கிடைத்தது. ஆனால் எனக்குப் பெரிதாகப்பட்டது இதற்கு அடுத்தது, இறக்கம்.

மலையில் ஏறுவது என்ஜினின் வேலை. உயரம் போகப் போகக் காற்று அடர்த்தி குறையும், டர்போ இல்லாத என்ஜினாக இருந்தால் 2,000 மீட்டரில் சக்தி சுமார் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். போகட்டும், மெதுவாக ஏறலாம். வண்டி திணறினால் நின்றுவிடும், அவ்வளவுதான். இறக்கம் அப்படி இல்லை. ஏறும்போது வண்டிக்குள் சேர்த்துவைத்த சக்தி முழுவதையும் இறங்கும்போது எங்காவது கொட்டித் தீர்க்க வேண்டும். அது போகிற இடம் பிரேக்.

நிறை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் கிடைப்பது நிலையாற்றல். முதல் வருடப் பாடம். லோகன் கணவாய் 2,026 மீட்டர். மேற்கு அடிவாரத்தில் மெக்டொனால்டு ஏரி சுமார் 960 மீட்டர். இறக்கம் ஏறக்குறைய 1,065 மீட்டர். 2,000 கிலோ எடையுள்ள வண்டி தனியாக இறங்கினால் கிட்டத்தட்ட 21 மெகாஜூல். இந்த எண்ணைப் பார்த்தால் ஒன்றும் புரியாது, எனக்கும் புரியவில்லை. அதனால் தண்ணீராக மாற்றிப் பார்த்தேன். 30 டிகிரியில் இருக்கும் சுமார் 70 லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம் அது. அதே வண்டியின் பின்னால் 3,000 கிலோ டிரெய்லரை மாட்டினால் மொத்தம் 5,000 கிலோ. 52 மெகாஜூல். இப்போது கொதிப்பது ஏறக்குறைய 180 லிட்டர். நம் வீட்டு வாசலில் வைத்திருக்கும் நீல டிரம் நிறையத் தண்ணீர்! அவ்வளவு வெப்பத்தையும் கைப்பிடியளவு பிரேக் லைனிங் தாங்க வேண்டும் என்றால்?

லைனிங் அளவுக்கு மீறிச் சூடானால் உராய்வு குறைந்துவிடும். பெடலை மிதிப்பீர்கள், ஆனால் வண்டி பிடிக்காது. பிரேக் ஆயில் கொதித்துக் குழாயில் ஆவிக்குமிழி உண்டாகிவிட்டால் இன்னும் மோசம். பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிப் போய்விடும். அதனால்தான் இறக்கத்தில் சின்ன கியரில் போட்டு என்ஜினையே பிரேக்காக்க வேண்டும் என்கிறார்கள். அப்படிச் செய்தால் பெரும்பங்கு வெப்பம் சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் போய்விடும். லைனிங் பிழைக்கும்.

இதை வீட்டில் அப்பாவிடம் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்த மாதிரி சொன்னேன். அப்பா பீடியை அணைத்துவிட்டு, "இது ஊரறிஞ்ச சமாச்சாரம் கண்ணு. எந்த கியர்ல ஏறுனியோ அந்த கியர்லயே எறங்கோணும்" என்றார். இரண்டு வாரமாக நான் புரட்டிய பக்கங்கள் எல்லாம் ஒரே வரியில் வந்துவிட்டன!

ஆனால் நான் எட்டாவது படிக்கும்போது ஒருநாள் அப்பா அந்த கியரில் இறங்கவில்லை. வாய்க்கால் மேட்டிலிருந்து ஊருக்குள் வரும் இறக்கம். பின்னால் கரும்பு லோடு. டிராக்டர் திடீரென்று குறுக்கே திரும்ப, பெட்டி சுழன்று வந்து அதை இடித்து, இரண்டும் 'ட' மாதிரி மடங்கி நின்றன. அப்பா கீழே விழுந்து கால் முறிந்தது. ஐந்து மாதம் வேலை இல்லை. "டிரைவர் கவனமில்லாம ஓட்டிட்டான்" என்று வண்டி முதலாளி சொன்னார். ரிப்பேர் செலவில் ஒரு பங்கை அப்பா கூலியில் பிடித்துக்கொண்டார். ஊரில் எல்லோரும் "நேரம் சரியில்லை" என்றார்கள். அப்பா "என்ற தப்புதான்" என்று சொன்னதோடு சரி, அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

டிரெய்லர் புத்தகத்தில் 'ஜாக்நைஃப்' என்ற தலைப்பைப் படித்தபோதுதான் அன்றைக்கு நடந்தது என்னவென்று எனக்கு விளங்கியது. ஜாக்நைஃப் என்றால் மடக்குக் கத்தி. டிரெய்லரில் பிரேக் இல்லாவிட்டால், முன்வண்டி வேகத்தைக் குறைக்கும்போது பெட்டி அதைப் பின்னாலிருந்து தள்ளும். இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்வரை தள்ளட்டும், தாங்கிவிடலாம். கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அந்தத் தள்ளு பக்கவாட்டில் திரும்பி முன்வண்டியின் பின்சக்கரத்தை வழுக்கிவிடும். அவ்வளவுதான், கத்தி மடங்கிவிட்டது. வண்டி நியூட்ரலில் இருந்தால் என்ஜின் பிடிப்பு துளியும் கிடையாது, முழுச் சுமையும் பிரேக்கில்தான்.

அன்றைக்கு நியூட்ரலில் விட்டது அப்பாதான். அதை நான் மறைக்கவில்லை. ஏன் விட்டார்? முதலாளி ஒரு நடைக்கு இத்தனை லிட்டர் என்று டீசல் அளந்து கொடுப்பார், தாண்டினால் டிரைவர் கணக்கு. இறக்கம் வந்தால் நியூட்ரலில் விட்டு மிச்சம் பிடிப்பது எல்லா டிரைவரும் செய்வது. சரி, பெட்டியில் பிரேக் இருந்ததா? இல்லை. லோடு அளவோடு இருந்ததா? அதுவும் இல்லை. இந்த இரண்டும் அப்பா கையில் இல்லாத விஷயங்கள். என் கணக்குப்படி மூன்றில் ஒரு பங்கு தப்புக்கு அவர் முழுக்கூலி கட்டியிருக்கிறார்.

அமெரிக்க வீட்டு டிரெய்லரில் இதற்கு என்ன வழி செய்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், மெக்கானிக்கல் நண்பர்களுக்கு உதவும். அங்கே பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேல் எடை இருந்தால் டிரெய்லருக்குத் தனிப் பிரேக் கட்டாயம். பெரும்பாலும் மின்சாரப் பிரேக். டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கும். டிரைவர் பெடலை மிதித்தால் முன்வண்டியில் உள்ள கருவி காந்தத்துக்கு மின்சாரம் அனுப்பும், காந்தம் டிரம்மைப் பிடித்து ஷூவை விரிக்கும். கொக்கிக்குத் துணையாக இரண்டு சங்கிலிகளைப் பெருக்கல் குறி மாதிரி குறுக்காக மாட்டுவார்கள். கொக்கி கழன்றாலும் டிரெய்லரின் மூக்கு தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் உட்கார்ந்துவிடும். எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. ஒரு மெல்லிய கம்பி வடத்தை முன்வண்டியில் கட்டியிருப்பார்கள். டிரெய்லர் முழுசாக அறுத்துக்கொண்டு போனால் அந்த வடம் ஒரு பின்னை உருவிவிடும், உடனே டிரெய்லரிலேயே இருக்கும் பேட்டரி அதன் பிரேக்கைப் பிடித்துவிடும். ஆளில்லாமலே தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் பெட்டி!

எடையை ஏற்றும் விதத்திலும் விஷயம் உண்டு. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கி மேல் இருக்க வேண்டும். சாமான் எல்லாவற்றையும் பின்பக்கம் அடைத்தால் மூக்கு லேசாகி, வேகத்தில் வால் ஆட ஆரம்பிக்கும். நாய் வாலை ஆட்டலாம், வால் நாயை ஆட்டக் கூடாது இல்லையா?

இத்தனை வசதி செய்தும், மலை மேல் கொண்டுபோகாதே என்கிறார்கள். இதுதான் எனக்கு வியப்பு. அப்படியானால் டிரெய்லரில் வருகிறவர்கள் அந்த மலையை எப்படித்தான் பார்க்கிறார்கள்? வீட்டை அடிவாரத்தில் விட்டுவிட்டு, ஒரே நாளில் போய்த் திரும்புகிறார்கள்.

மேற்கு வாசலுக்குப் பக்கம் ஆப்கர் என்ற இடத்திலும், கிழக்கு வாசலில் செயின்ட் மேரியிலும் முகாம் மைதானங்கள் உண்டு. டிரெய்லர் நிற்கிற அளவுக்கு நீளமான இடங்கள் அங்கே சிலதான், அதனால் முன்பதிவு முக்கியம். டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, கொக்கியைக் கழற்றிவிட வேண்டும். சாப்பாட்டுச் சாமான் ஒன்றையும் வெளியே வைக்கக் கூடாது. கரடிக் காடு அது. கறுப்புக் கரடியும் உண்டு, கிரிஸ்லி என்ற பெரிய கரடியும் உண்டு. நடைபாதையில் போகிறவர்கள் கரடி விரட்டும் மிளகாய் ஸ்பிரே எடுத்துப் போகிறார்கள். கரடியிடமிருந்து 100 கெஜம் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. நம்மவர்களிடம் சொல்லவே வேண்டாம், செல்ஃபி எடுக்கப் போய்விடுவார்கள்.

அப்புறம் விடியற்காலையில் கிளம்ப வேண்டும். ஏனென்றால் கோடையில் லோகன் கணவாயின் வண்டி நிறுத்துமிடம் காலையிலேயே நிரம்பிவிடும். வருடத்துக்கு வருடம் நுழைவு விதிகளும் மாறுகின்றன, போவதற்கு முன் அந்த வருட விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். நிறுத்தாமல் போனாலே 80 கிலோமீட்டர் கடக்க இரண்டு மணி நேரம். நிறுத்தாமல் போக முடிந்தால்தானே! 10 மைல் நீளமுள்ள மெக்டொனால்டு ஏரியின் கரையோரமே போய், அவலாஞ்சி ஓடையில் வயதான தேவதாரு மரங்களுக்கு நடுவே நுழைந்து, குகைப்பாதை, லூப், எதிர்மலையில் 490 அடி உயரத்திலிருந்து விழும் பேர்ட் வுமன் அருவி, சாலை மேலேயே தண்ணீர் சொட்டும் 'அழும் சுவர்' என்று வரிசையாக வரும். உச்சிப்பகுதியில் வேக வரம்பு மணிக்கு 25 மைல்தான்.

லோகன் கணவாயில் ஒரு அதிசயம். அங்கே விழும் பனி உருகி மேற்கே ஓடினால் கொலம்பியா நதி வழியாகப் பசிபிக் கடலுக்குப் போகும். நாலு அடி கிழக்கே விழுந்தால் கனடா வழியாக ஹட்சன் வளைகுடாவுக்குப் போகும். ஒரே மேகத்தில் பிறந்த இரண்டு துளிக்கு வெவ்வேறு கடல். அங்கிருந்து 2 கிலோமீட்டர் சொச்சம் நடந்தால் ஹிடன் ஏரியை மேலிருந்து பார்க்கலாம். வெள்ளை வெளேரென்ற மலையாடுகள் மனிதரைப் பற்றிக் கவலையே இல்லாமல் மேயும். குளிர்காலத்தில் இந்த உச்சிப்பகுதி முழுக்க மூடியே கிடக்கும். கணவாய்க்குக் கிழக்கே 'பெரிய குவியல்' என்று பேர் வைத்த இடத்தில் பனி 80 அடி உயரம்கூடச் சேரும். வசந்தத்தில் தொடங்கி வாரக்கணக்கில் வெட்டி அகற்றி, ஜூன் கடைசியிலோ ஜூலையிலோதான் திறப்பார்கள்.

பூங்காவின் பேருக்குக் காரணமான பனியாறுகள் 1850 வாக்கில் சுமார் 150 இருந்தனவாம். 2015ல் அளந்தபோது பனியாறு என்று சொல்லும் அளவுக்கு இருந்தவை 26. கிழக்கே இறங்கும்போது ஜாக்சன் பனியாற்றைச் சாலையிலிருந்தே பார்க்கலாம்.

சொந்த வண்டியே 21 அடிக்கு மேல் என்றால் என்ன செய்வது? அதற்குத்தான் சிவப்புப் பேருந்துகள். ஒயிட் மோட்டார் கம்பெனி 1936 முதல் 1939 வரை செய்த 33 பேருந்துகள், மேற்கூரைத் துணியைச் சுருட்டி ஆகாயம் பார்த்துக்கொண்டே போகலாம். 1999ல் நிறுத்தி, அடிச்சட்டத்தை மாற்றிப் புதுப்பித்து 2002ல் மீண்டும் ஓடவிட்டார்கள். இவற்றின் டிரைவர்களுக்கு 'ஜாமர்' என்று பட்டப்பேர். ஏன் தெரியுமா? அந்தக்கால கியர் பாக்ஸில் இறக்கத்தில் கியரை 'கரகர' என்று முட்டித் தள்ளிப் போடுவார்கள், அந்தச் சத்தம் மலை முழுக்கக் கேட்குமாம். இதைச் சொன்னபோது அப்பா சிரித்தார். "அப்ப அவங்களும் சின்ன கியர்லதான் எறங்கியிருக்கறாங்க" என்றார்.

மலைக்கு அந்தப் பக்கம் பயணத்தைத் தொடர வேண்டியவர்கள் வீட்டை எப்படிக் கொண்டுபோவார்கள் என்று கேட்கலாம். சுற்றிக்கொண்டுதான். பூங்காவின் தெற்கு ஓரமாக அமெரிக்க நெடுஞ்சாலை 2 போகிறது. மரியாஸ் கணவாய் வழி, உயரம் 5,213 அடிதான், ரயில்பாதையும் அதன் வழியேதான். அப்படியே போய், பிளாக்ஃபீட் பழங்குடி மக்களின் ஊரான பிரவுனிங் வழியாக வடக்கே திரும்பினால் செயின்ட் மேரி. தூரம் அதிகம், ஆனால் அகலமான சாலை.

செமினாருக்கு நல்ல மதிப்பெண் கிடைத்தது. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அந்த எச்சரிக்கையின் படத்தை அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு எழுத்துத் தெரியாது, எண் தெரியும். 21 என்பதைப் பார்த்தார்.

"இதை யாரு போட்டது?"

"சர்க்காருங்ப்பா. அளந்து பாத்துப் போட்டிருக்கறாங்க."

"எறக்கத்துக்கு முன்னாடியே போட்டிருக்கறாங்களா?"

"ஆமாங்ப்பா. முன்னாடியே."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "உன்ற டேப்பை எடுத்துட்டு வா" என்றார். களத்தில் நின்ற டிராக்டரின் மூக்கில் அவர் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, பெட்டியின் வால் வரை நான் இழுத்துக்கொண்டு போனேன். 29 அடி சொச்சம் வந்தது.

"நம்மளை உடமாட்டாங்க கண்ணு" என்றார்.